மண்சரிவுக்குப் பின்னரும் மாறாத பாடவிதானம்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி புதன்கிழமை காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியபோது, அத்தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பாடசாலைக்குச் சென்றிருந்தனர். அதனால் அவர்கள் உயிர் தப்பினர். பாடசாலை விட்டுத் திரும்பிச் செல்ல அவர்களுக்கு வீடு இருக்கவில்லை. சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. பாடசாலைதான் அப்பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று கூறலாம். ஆனால், அது அவர்களைக் காப்பாற்றியது தான் நின்ற இடத்தின் காரணமாக மாத்திரமே. தான் கற்பித்த எதன் காரணமாகவும் அல்ல. இந்த வேறுபாட்டை எமது கல்வியுலகம் இன்றுவரை ஆழமாகச் சிந்தித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதனை இப்போது நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வீசிய 'டித்வா' சூறாவளி இந்நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை ஆகிய மலை மாவட்டங்களில் ஏற்பட்ட இழப்பு பெரிது. அங்கு மக்களைக் கொன்றது காற்றன்று. ஓயாது பெய்த மழையும் அம்மழையில் இளகிச் சரிந்த மண்ணுமே. நடந்துகொண்டிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டது. பாடசாலைகள் பல இடம்பெயர்ந்தோர் தங்கும் முகாம்களாயின. வேறு பல சேதமடைந்தன. மீரியபெத்தை அனர்த்தம் நிகழ்ந்து அப்போது பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. முதலாம் தரத்தில் சேர்ந்த ஒரு பிள்ளை சாதாரண தரம் வரை படித்து முடிப்பதற்குப் போதுமான காலம் அது. அவ்வாறு படித்து வெளியேறிய மலையக மாணவர்களுள் எத்தனை பேருக்குத் தமது வீட்டின் பின்னாலுள்ள சரிவைப் பார்த்து, அது இன்றிரவு நிற்குமா நிற்காதா என ஊகிக்கக் கற்றுக்கொடுத்தோம்?

சூறாவளி ஓய்ந்து சில வாரங்களுக்குள் நாட்டின் கவனம் கல்விச் சீர்திருத்தத்தின்பால் திரும்பியது. 2026இல் தரம் 1இலும் தரம் 6இலும் புதிய பாடவிதானம் ஆரம்பிக்கப்படவிருந்தது. தரம் 6 ஆங்கிலப் பாடத் தொகுதியொன்றில் தகாத இணையத்தள முகவரி ஒன்று இடம்பெற்றமை பெரும் சர்ச்சையாகி, அத்தரத்துக்கான சீர்திருத்தம் 2027 வரை ஒத்திவைக்கப்பட்டது. அத்தவறு பாரதூரமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்த ஒரு முகவரி பற்றிப் பேசுவதற்கு எமது அரசியல்வாதிகளும் தொலைக்காட்சி விவாதகர்களும் செலவிட்ட நேரத்தில் பத்திலொரு பங்கையேனும், அப்போதுதான் சேற்றிலிருந்து மீண்டு வந்திருந்த பிள்ளைகளுக்குப் புதிய பாடவிதானம் எதைத் தரப்போகிறது என்ற வினாவுக்கு ஒதுக்கியதாக எமக்கு நினைவில்லை.

சமூக நீதி, சுற்றாடல் பாதுகாப்பு, மனநலம் ஆகிய மூன்று சொற்களும் கல்வி பற்றிய சர்வதேச ஆவணங்களில் இன்று தவறாது இடம்பெறுகின்றன. எமது அதிகாரிகள் அவற்றை மூன்று தனித்தனி வேலைத்திட்டங்களாக விளங்கிக்கொள்கின்றனர். சுற்றாடலுக்கென ஒரு கழகம் அமைக்கப்படுகிறது. அது ஜூன் மாதத்தில் மரக்கன்று நடுகிறது. மனநலத்துக்கென ஓர் அறையின் கதவில் பெயர்ப்பலகை தொங்குகிறது. சமூக நீதிக்கு டிசம்பரில் மனித உரிமைகள் தினப் பேச்சுப்போட்டி இருக்கிறது. மீரியபெத்தைப் பிள்ளைக்கோ இம்மூன்றும் ஒரே காலைப்பொழுதில், ஒரே சரிவில், ஒன்றாகவே வந்து சேர்ந்தன. அச்சரிவிலிருந்து கல்வியைத் தொடங்கினால் மூன்று வேலைத்திட்டங்கள் தேவைப்படா என்பதே எமது வாதம்.

அச்சரிவில் அம்மக்கள் குடியேறிய கதையிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மத்திய மலைநாட்டின் காடுகள் வெட்டப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கு லயன்கள் எங்கே கட்டப்பட வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகமே தீர்மானித்தது. அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரால் நாம் பெருமையுடன் பேசும் 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வியும் அவர்களின் வாசலை எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலுமே அரசாங்கத்தால் பொறுப்பேற்கப்பட்டன. இன்றும் லயன் அறையில் வாழ்பவருக்கு அவ்வறையும் அதன் முற்றமும் சொந்தமல்ல. தான் வாழும் இடம் ஆபத்தானது என்று அறிந்துகொண்டாலும் அடுத்த மேட்டில் ஒரு குடிசையைப் போட்டுக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. மண்சரிவு இயற்கை அனர்த்தமாக இருக்கலாம். ஆனால், யார் எந்தச் சரிவின் கீழ் உறங்குகிறார் என்பது இயற்கையால் தீர்மானிக்கப்பட்டதன்று.

மீரியபெத்தை தொடர்பில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்ததாகப் பின்னர் அதிகாரிகளே தெரிவித்தனர். ஆகவே, அங்கு அறிவு இல்லாமற் போகவில்லை. அது கோப்புகளில் இருந்தது. அறிந்தவர் அச்சரிவில் வாழவில்லை; வாழ்ந்தவர் அதனை முழுமையாக அறிந்திருக்கவில்லை, அறிந்திருந்தோருக்கோ செல்வதற்கு வேறிடம் இருக்கவில்லை. இவ்விரு தரப்புக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதற்குக் கல்வியைத் தவிர வேறு எந்த நிறுவனத்தை இந்நாடு ஒவ்வொரு கிராமத்திலும் ஒவ்வொரு தோட்டத்திலும் வைத்திருக்கிறது? ஏறத்தாழ பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. வேறெந்தத் திணைக்களத்துக்கும் இத்தகைய வலைப்பின்னல் இல்லை.

அந்த அறிவு அப்படியொன்றும் கடினமானதுமன்று. நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்புகள் தோன்றுதல், மரங்களும் மின்கம்பங்களும் சாயத் தொடங்குதல், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல் அல்லது வழக்கமாக ஓடிய பீலி திடீரென நின்றுபோதல், தெளிந்த நீர் கலங்கி வருதல் ஆகியன சரிவு அசையத் தொடங்கியதன் அறிகுறிகள். பத்து வயதுப் பிள்ளையும் இவற்றைக் காணும். இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 மில்லிமீற்றரானால் எச்சரிக்கை, 150 மில்லிமீற்றரானால் வெளியேற வேண்டும் என்பது மேற்படி நிறுவனம் பின்பற்றும் பொது அளவுகோல். வாய் அகன்ற நேரான பாத்திரமும் ஓர் அடிமட்டமும் இருந்தால் மழையை அளக்கலாம். சில கிராமங்களில் மக்களிடமே எளிய மழைமானிகள் கையளிக்கப்பட்டுள்ளன. தரம் 6இல் மில்லிமீற்றர் படிக்கும் மாணவன் புத்தகத்திலுள்ள பென்சிலின் நீளத்தை அளப்பதற்குப் பதிலாக நேற்றிரவு தன் வீட்டு முற்றத்தில் பெய்த மழையை அளந்துவந்து கரும்பலகையில் எழுதினால், கணிதமும் நடக்கும்; நாற்பது வீடுகளின் மழைப் பதிவும் ஒரு வகுப்பறையில் சேரும். தேயிலை மலைகளில் நீர் வடிவதற்கான கான்கள் முன்னர் ஒழுங்காக வெட்டிப் பேணப்பட்டன என்றும் இப்போது அவை தூர்ந்து கிடக்கின்றன என்றும் தோட்டத்து முதியவர்கள் குறைப்பட்டுக்கொள்வதை நாம் பல தடவைகள் கேட்டிருக்கின்றோம். தாத்தாவிடம் கேட்டு வந்து அக்கான்களை வரைபடமாக்கும் மாணவி சுற்றாடல் படிக்கிறாளா, வரலாறு படிக்கிறாளா, தொழிலாளர் உரிமை படிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது என்பதும் இப்பாடத்தில் சேர வேண்டியதே. டித்வா வேளையில் வானிலை மற்றும் அனர்த்த அறிவித்தல்கள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குறைபாடு பரவலாகச் சுட்டிக்காட்டப்பட்டது. தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. நள்ளிரவில் தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி அதைச் சொல்லாவிட்டால் அரசியலமைப்பால் ஆவதென்ன? மொழியுரிமையைப் பெயர்ப்பலகைகளின் பிரச்சினையாகவே பார்த்துப் பழகிவிட்ட எமக்கு, அது உயிருரிமையும்கூட என்பதை இச்சூறாவளி உணர்த்தியது.

யப்பானின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2011 மார்ச் 11ஆம் திகதி நிலநடுக்கத்தையும் சுனாமியையும் தொடர்ந்து, அந்நாட்டின் கமைஷி நகரில் பாடசாலைகளின் பொறுப்பில் இருந்த மாணவர் ஏறத்தாழ 3,000 பேரும் உயிர் தப்பினர். பேராசிரியர் தொஷித்தாக்கா கத்தாதா பல ஆண்டுகளாக அங்குள்ள ஆசிரியர்களுடன் இணைந்து மாணவருக்கு மூன்று விடயங்களைக் கற்பித்திருந்தார். அச்சிட்ட ஆபத்து வரைபடத்தை அப்படியே நம்பாதே. அந்தந்த வேளையில் உன்னால் இயன்ற உச்சத்தைச் செய். மற்றவர் ஓடும்வரை காத்திராமல் நீ முதலில் ஓடு. கடலோரத்திலிருந்த இடைநிலைப் பாடசாலை மாணவர் ஓடியதைக் கண்டு அருகிலிருந்த ஆரம்பப் பாடசாலைச் சிறுவரும் ஓடினர்; அவர்களைக் கண்டு ஊரவரும் ஓடினர். அவ்விரு பாடசாலைகளும் ஆபத்து வரைபடத்தின்படி அலை எட்டாத பகுதியில் இருந்தவை. வரைபடத்தை நம்பியிருந்தால் அவர்கள் இறந்திருப்பார்கள். பாடநூலில் உள்ளதை ஒப்புவித்தால் முழுப் புள்ளி வழங்கும் எமது முறைக்கு இது எத்துணை தொலைவானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதே நாளில் அதே கரையோரத்தில் இஷினோமாக்கி நகரின் ஒக்காவா ஆரம்பப் பாடசாலையில் 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் மாண்டனர். பாடசாலையின் பின்னால் ஒரு குன்று இருந்தது. ஏறத்தாழ 50 நிமிடங்கள் பிள்ளைகள் மைதானத்தில் காத்து நிறுத்தப்பட்டிருந்தனர். பெற்றோர் தொடுத்த வழக்கில் 2018இல் செந்தாய் மேல் நீதிமன்றம் நகர, மாநில நிர்வாகங்களே பொறுப்பெனத் தீர்ப்பளித்தது. 2019இல் யப்பானிய உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஊரிலுள்ள சாதாரண குடியிருப்பாளரைவிடப் பாடசாலை தன் இடத்தின் ஆபத்தை அதிகமாக அறிந்திருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். எமது நாட்டின் எந்த வலயக் கல்விப் பணிமனையிடமாவது இந்தக் கேள்வியை எழுப்பிப் பாருங்கள். எத்தனை பாடசாலைகளுக்கு மதில் இல்லை, எத்தனைக்கு மலசலகூடம் இல்லை என்ற பட்டியல் கிடைக்கும். எத்தனை அதிபர்கள் தமது பாடசாலைக்கு மேலேயுள்ள சரிவை ஏறிப் பார்த்திருக்கின்றனர் என்ற பட்டியல் கிடைக்காது.

யப்பானைப் போல் வளம் எமக்கில்லையே என்று கூறுவோர் இந்தோனேசியாவைப் பார்க்கலாம். சுமாத்திராவுக்கு அண்மையிலுள்ள சிமெயுலுவே தீவு 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அங்கு ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்தனர். சுனாமியால் இறந்தவர் ஏழு பேர் மாத்திரமே. 1907இல் தம் முன்னோர் கண்ட அலையை அவர்கள் 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் வைத்து, பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருந்தனர். நிலம் நீடித்து அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு. அவ்வளவுதான் பாடம்.

எமது நிலை என்ன? அதே காலையில் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மட்டக்களப்பு, முல்லைத்தீவு கரைகளிலும் கடல் விசித்திரமாக நடந்துகொண்டதைப் பார்க்கச் சென்றவர்கள் உண்டு. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்பாறை மாவட்டம் அதிக உயிர்களை இழந்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கரையில் புதைக்கப்பட்டனர். எம்மிடம் சொல் இல்லாமலில்லை. 'கடல்கோள்' என்ற சொல்லைத் தமிழிலக்கிய வரலாற்றில் படித்து, முதலிரு சங்கங்களின் நகரங்களைக் கடல் கொண்ட கதையைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றவர்கள் நாம். அச்சொல் எமக்குப் பெருமையாக இருந்தது, எச்சரிக்கையாக இருக்கவில்லை.

இவ்விடத்தில் நேர்மையான ஓர் ஆட்சேபத்துக்கு இடமளிக்க வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு அவனது சூழலையே கற்பிப்பது, அவனை அச்சூழலிலேயே கட்டிவைக்கும் தந்திரமாகிவிடாதா? 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்கள் அறிமுகப்படுத்தப்பட்டன. அந்தந்தப் பிரதேசத்தின் தொழில்களை மாணவர் ஆராய்ந்து கற்க வேண்டும் என்பது நோக்கம். எண்ணத்தில் பிழையில்லை. ஆனால், கொழும்பின் பெரிய கல்லூரிகள் வேறு வழி செல்ல, மீனவர் மகன் வலையையும் குயவர் மகன் மண்ணையும் படிப்பதா என்று பெற்றோர் கேட்டனர். 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அப்பாடங்கள் கைவிடப்பட்டபோது கண்ணீர் விட்டவர் அதிகமில்லை. தோட்டத்துத் தாய் ஒருவர் தன் மகளை எதற்காகப் பாடசாலைக்கு அனுப்புகிறார்? அம்மகள் கொழுந்துக் கூடையைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான். அவரிடம் சென்று, உங்கள் மகளுக்குக் கான் வெட்டுவது பற்றிக் கற்பிக்கப்போகின்றோம் என்றால் அவர் கோபிப்பது நியாயமே. கணிதம், விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைக்குச் சுற்றாடற் கல்வியைக் கொடுத்துச் சமாதானப்படுத்துவது மோசடி. முதலில் அந்த ஆசிரியர் வர வேண்டும்.

எமது பதில் இதுதான். இடத்தைக் கற்பதை ஏழைப் பாடசாலையின் பாடமாக மாத்திரம் ஆக்கினால் அது அநீதி. கொழும்புப் பிள்ளையும் தன் இடத்தைக் கற்க வேண்டும். காலையில் அருந்தும் தேநீர் எந்தச் சரிவிலிருந்து வந்தது என்பதை மாத்திரமன்று, மாலையில் வெளியே வைக்கும் குப்பைப் பை எங்கே போகிறது என்பதையும் அது அறிய வேண்டும். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 32 பேரைக் கொன்றது. கொழும்பின் கழிவு நீண்டகாலமாக அங்குள்ள வறிய குடியிருப்புகளின் தலைக்கு மேல் உயர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு, கழிவைப் புத்தளத்தின் அறுவாக்காட்டுக்கு அனுப்புவது. புத்தளம் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைத் தன் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் இடம் ஒதுக்கி ஏற்றுக்கொண்ட மண். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 900 மெகாவாட் மின்சாரம் நாடெங்கும் செல்ல, அதன் சாம்பல் அங்கேயே தங்குகிறது. குப்பை வேண்டாமென்று 2018, 2019இல் அம்மாவட்ட மக்கள் மாதக்கணக்கில் போராடியபோது, தலைநகரில் அது ஒரு சிறிய செய்தியாகவே இருந்தது. கொழும்பில் நல்ல பாடசாலையொன்றில் பதின்மூன்று ஆண்டுகள் படித்து முடித்த ஒருவருக்கு இவ்விபரம் தெரியாதென்றால், கல்வியில் குறைபட்டிருப்பவர் அவரே, புத்தளத்துப் பிள்ளையல்ல.

வடக்கிலும் இதே கதைதான். எமது பள்ளிப் பருவத்தில் சமூகக் கல்வி வகுப்பில் நைல் நதியின் வெள்ளப்பெருக்கு பற்றியும் கனடாவின் கோதுமைச் சமவெளி பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினோம். ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள்ளே தேங்கும் மழைநீரே என்பதையும், மேலே எதைக் கொட்டினாலும் அது கீழே இறங்கும் என்பதையும் எவரும் சொல்லவில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோதே பலருக்கு அப்பாடம் தொடங்கியது. அது தொடர்பான வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு இயங்கிய மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தூய நீர் மக்களின் உரிமை என்பதற்கு இதைவிடச் சிறந்த குடியுரிமைக் கல்விப் பாடம் இருக்க முடியாது. அக்குறணையில் பிங்கா ஓயா பெருக்கெடுக்கும்போதெல்லாம் கடைவீதி நீரில் மூழ்குகிறது. அவ்வாற்றங்கரையை நெருக்கியவர் யார், மண் நிரப்பியவர் யார் என்று அவ்வூர் மாணவர் ஆராயப் புறப்பட்டால் பெரியவர்கள் சிலருக்குச் சங்கடம் ஏற்படும். நல்ல பாடத்தின் அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

இனி மனநலம். சுனாமிக்குப் பின்னரான மாதங்களில் உளவளத்துணை என்ற பெயரில் வந்திறங்கிய குழுக்களை நாம் மறந்துவிடவில்லை. ஒவ்வொரு குழுவும் பிள்ளைகளின் கையில் வர்ணப் பென்சிலைக் கொடுத்து அலையை வரையச் சொன்னது. பிள்ளைகளும் வரைந்தனர், அடுத்த குழு வந்தபோது மீண்டும் வரைந்தனர். குழுக்கள் சென்றுவிட்டன. எஞ்சியவர் ஆசிரியரே. இதனை முன்கூட்டியே விளங்கிக்கொண்டவர்கள் வடக்கில் இருந்தனர். போர்க்காலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க உளமருத்துவர்களே இருந்த நிலையில், பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரது சகாக்களும் ஆசிரியர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி அளித்தனர். ஒவ்வொரு நாளும் பிள்ளையைப் பார்ப்பவர், அதன் பேச்சு குறைந்ததை, சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாததை, மழை இருண்டால் அது மேசைக்கடியில் ஒடுங்குவதைக் கவனிக்கக்கூடியவர் ஆசிரியரே என்பது அதன் தர்க்கம். போரின் மூன்று தசாப்தங்கள் வடக்கு, கிழக்குக்குக் கற்றுத்தந்த இந்த அறிவு மலையகத்துக்கு எடுத்துச் செல்லப்பட வேண்டியது. ஆசிரியருக்கு ஆசிரியர், நேரடியாக.

ஆயினும், அதே ஆசிரியரிடம் நாம் வேறொரு வேலையையும் ஒப்படைத்திருக்கின்றோம். பத்து வயதுப் பிள்ளைகளைத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயார்செய்வதே அது. அண்மைய ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர் அப்பரீட்சைக்குத் தோற்றியுள்ளனர்; பெரும்பான்மையினர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேயே நின்றனர். வறிய மாணவரை மத்திய மகா வித்தியாலயங்களுக்குக் கொண்டுசெல்லும் ஏணியாக அமைக்கப்பட்ட பரீட்சை, இன்று பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு 'நீ தோற்றாய்' என்று அறிவிக்கும் கருவியாகியுள்ளது. முகாமிலிருந்து வந்த பிள்ளைக்கும் அதே வினாத்தாள், அதே வெட்டுப்புள்ளி நிழல். பெறுபேறு வெளியானதும் அதிகூடிய புள்ளி பெற்ற பிள்ளையின் படத்தை முன்பக்கத்தில் வெளியிட்டவர்கள் பத்திரிகையாளராகிய நாமும்தான் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். பிரம்பின் கதையும் இதனோடு சேர்ந்தது. உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்யும் கல்வியமைச்சின் சுற்றறிக்கை 2005இல் வெளியானது. ஆசிரியர் அறைந்ததில் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. சுற்றறிக்கைக்கும் தீர்ப்புக்கும் இடையில் பதினாறு ஆண்டுகள். இந்தச் சூழலில் மனநல வாரம் கொண்டாடுவது வீண்.

ஆசிரியரைக் குறைகூறுவது எளிது. அவருக்கு நாம் கொடுத்ததென்ன? சில ஆண்டுகளுக்கு முன்னர் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டபோது மாதாந்தக் கொடுப்பனவு 6,000 ரூபாவாகவே இருந்தது. பல போராட்டங்களின் பின்னரே அது 10,000 ஆக்கப்பட்டது. அவர்களுள் பலர் அதே தோட்டங்களில் பிறந்து உயர்தரம் சித்தியடைந்த இளைஞர், யுவதிகள். சரிவை அறிந்தவர்கள், பிள்ளையின் தாயைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர்கள். நாம் மேலே விபரித்த கல்விக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் எவருமில்லை. அவர்களைத்தான் பேருந்துக் கட்டணத்துக்குக் கடன் வாங்கும் நிலையில் வைத்தோம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டுமென 2015ஆம் ஆண்டின் இன்சியோன் பிரகடனம் கூறுகிறது. இலங்கை நெடுங்காலமாக 2 சதவீத அளவிலேயே நிற்கிறது. மத்திய மாகாண, ஊவா மாகாணக் கல்வி நிர்வாகங்கள் இதற்காகக் கொழும்பைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையற்ற சில வேலைகளும் உள்ளன. ஒவ்வொரு பாடசாலையும் தன் சரிவின் வரைபடத்தை வைத்திருப்பதற்கும், கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் உத்தியோகத்தர் ஆண்டுக்கொரு முறை தமிழில் வந்து மாணவருடன் அச்சரிவில் நடப்பதற்கும், அனர்த்தத்தைக் கண்ட பிள்ளைகளின் வகுப்பில் ஒரு தவணைக்குப் பரீட்சையை நிறுத்திவைப்பதற்கும் பெருநிதி தேவையில்லை.

மீரியபெத்தையில் தப்பியவர்கள் மாக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தனர். 2016இல்தான் அவர்களுக்கு வீடுகள் கையளிக்கப்பட்டன. அத்தொழிற்சாலையின் தகரக் கூரையின் கீழ் மழைச் சத்தத்தைக் கேட்டவாறு வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டனர். 2014இல் முதலாம் தரத்தில் இருந்தவர்கள் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் வயதை எட்டியுள்ளனர். புவியியல் வினாத்தாளில் மண்சரிவுக்கான காரணங்களைக் கேட்கும் வினா வருவதுண்டு. அவர்களுள் எவரேனும் அதற்கு விடை எழுதக்கூடும். அந்த விடைத்தாளில் சுட்டெண்ணைத் தவிர அவரைப் பற்றி வேறெதுவும் இராது.